முப்பது ஆண்டுகள் கழித்துக் கேட்ட கேள்வி: 1973 போர்க்கைதிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1973 அக்டோபர் 6, யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர். பிற்பகல் இரண்டு மணியளவில் எகிப்தும் சிரியாவும் இரு முனைகளிலிருந்து இஸ்ரேலைத் தாக்கின. சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரை நெடுக இஸ்ரேல் கட்டியிருந்த பார்-லெவ் காவலரண்களில் அன்று பணியில் இருந்தவர்களில் பலர் சேமப்படையினர். வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுச் சில வாரக் கடமைக்கு வந்தவர்கள். பல அரண்கள் முதல் சில நாட்களிலேயே விழுந்தன. கால்வாயின் தென்முனையில் இருந்த ஓர் அரண் ஒரு வாரம் தாக்குப்பிடித்து, அக்டோபர் 13 அன்று செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் முன்னிலையில் சரணடைந்தது.

எகிப்திடம் சிக்கியவர்கள் ஏறத்தாழ ஆறு வாரம் சிறையில் இருந்தார்கள். நவம்பர் நடுவில் நடந்த கைதிப் பரிமாற்றத்தில் சுமார் 240 பேர் திரும்பினார்கள். சிரியாவிடம் சிக்கிய அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு எட்டு மாதம் ஆயிற்று. அவர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற பட்டியலே 1974 பிப்ரவரி இறுதியில்தான் கைக்கு வந்தது. அதுவரை அந்த வீடுகளில் துக்கமும் காக்கமுடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அவர்கள் ஊர் திரும்பியது ஜூனில்.

ஹீப்ரு மொழியில் இவர்களைச் 'சிறையிலிருந்து மீட்கப்பட்டோர்' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். இந்த ஆய்வில் 'சிறைமீண்டோர்' என்றே எழுதுகிறோம். தனி ஒருவரின் கதையை எடுக்காமல், தரைப்படையைச் சேர்ந்த இந்தக் குழு முழுவதையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதே போரில், அதே வகைப் பிரிவுகளில் சண்டையிட்டு, பிடிபடாமல் வீடு திரும்பியவர்களின் குழு ஒன்றும் இவர்களோடு சேர்த்தே பல பத்தாண்டுகள் பின்தொடரப்பட்டது. போர் செய்த காயம் எது, சிறை செய்த காயம் எது என்று பிரித்துப் பார்க்க இப்படி வாய்ப்புத் தரும் பதிவுகள் உலகில் மிகச் சில.

சிறையில் நடந்தது

எகிப்தில் பெரும்பாலோர் தனிக்கொட்டடியில் அடைக்கப்பட்டார்கள். சிரியாவில் முதற்கட்ட விசாரணை தனிமையிலும், பிறகு பலர் ஒரே அறையிலும் கழிந்தது. கட்டிய கண், அடி, மின்சார அதிர்ச்சி, உறங்கவிடாமை, சுட்டுக்கொல்லப்போவதாக நடிப்பது ஆகியவை திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. இவற்றோடு பொய்ச் செய்தியும் ஓர் ஆயுதமாக இருந்தது. நாடு வீழ்ந்துவிட்டது, உன்னைத் தேட யாரும் இல்லை என்று சொல்வார்கள். சரிபார்க்க வழியே இல்லாத இருட்டறையில் அந்தப் பொய் வேலை செய்தது.

இங்கே போருக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். போர்க்களத்தில் குண்டு யார் மீது விழும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் தோழன் இருக்கிறான், கையில் ஏதோ ஒரு ஆயுதம் இருக்கிறது. சிறையில் துன்புறுத்துபவனுக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. அவன் குறிப்பாக இந்த ஒருவரை உடைக்கவே வருகிறான். தண்ணீர் தருபவனும் அடிப்பவனும் ஒரே ஆளாக இருக்கும்போது, பல வாரங்களுக்கு மனிதத் தொடர்பு என்றால் அவன் மட்டுமே. பிற்பாடு வீட்டுக்குள் நம்பிக்கை, நெருக்கம் ஆகியவை சிதைந்ததன் வேர் இங்கே இருக்கிறது என்பது இந்தத் துறையில் உள்ளோர் பலரின் கருத்து. எங்கள் கருத்தும் அதுவே.

வரவேற்பும் விசாரணையும்

திரும்பி வந்தவர்களை நாடு கொண்டாடி வரவேற்றது. ஆனால் வீட்டுக்குச் சென்றவர்களை மறுபடி அழைத்து, ஸிக்ரோன் யாகோவ் என்ற மலையூரில் தங்கவைத்து, ராணுவ உளவுத்துறையினர் விசாரித்தார்கள். இந்த முடிவுக்கு ராணுவத்திடம் காரணம் இருந்தது. போர் ஓய்ந்தும் ஓயாத நேரம் அது. எந்தத் தகவல் எதிரிக்குப் போயிருக்கிறது, காணாமற்போன மற்றவர்களை யாராவது பார்த்தார்களா என்று உடனே தெரிய வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டதில் தவறில்லை. கேட்ட விதம்தான் கெடுதல் செய்தது. ஓய்வுக்கும் மருத்துவத்துக்கும் என்று அழைத்த இடமும் விசாரணை நடந்த இடமும் ஒன்றாகவே இருந்தன. ஒரு சிறையில் 'என்ன தெரியும் சொல்' என்று கேட்கப்பட்டவர், வெளியே வந்ததும் 'என்ன சொன்னாய்' என்று கேட்கப்பட்டார். சந்தேகத்துக்குரியவராகவே தங்களை உணர்ந்ததாகப் பலர் பின்னாளில் சொன்னார்கள்.

அதற்கு மேல் ஒரு பண்பாட்டுச் சுமையும் இருந்தது. 1955-ல் சிரியச் சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஓர் இளம் வீரரின் உடலில், 'நான் காட்டிக்கொடுக்கவில்லை' என்று காகிதத்தில் துளையிட்டு எழுதிய குறிப்பு கிடைத்தது. அந்தச் சொல் ஒரு தலைமுறைக்கே அளவுகோல் ஆகிவிட்டது. 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 17-வது பிரிவுப்படி கைதி பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். ஆனால் தொடர்ந்த சித்திரவதையின் கீழ் ஏறத்தாழ எவரும் அதோடு நிற்க முடிவதில்லை. எட்ட முடியாத அளவுகோலை வைத்துத் தன்னைத் தானே அளந்துகொண்டவர்களுக்குக் குற்றவுணர்வு தவிர்க்க முடியாததாயிற்று.

உடல் பரிசோதனை நடந்தது, காயங்களுக்குச் சிகிச்சை நடந்தது. மனநிலையை இத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற அட்டவணை எதுவும் போடப்படவில்லை. பிடிஎஸ்டி என்று இன்று அழைக்கப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க நோய்ப் பட்டியலில் இடம்பெற்றதே 1980-ல்தான். ஆகவே 1973-74 மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று அடிப்படைப் பதிவு ஒன்றுகூட எடுக்காமல் விட்டதன் விலை பின்னால் தெரிந்தது.

1991: முதல் சுற்று

பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். திருமணம் செய்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, இஸ்ரேலிய ஆய்வாளர் ஸஹாவா சாலமன் தலைமையிலான ஆய்வுக்குழு முதல் சுற்றை நடத்தியது. சிறைமீண்டோரில் 164 பேர் கலந்துகொண்டார்கள். ஒப்பீட்டுக் குழுவில், வயது, படைப் பிரிவு போன்றவற்றில் அவர்களோடு பொருந்திய 180-க்கும் மேற்பட்ட முன்னாள் போர்வீரர்கள் இருந்தார்கள். அன்றைய நோய் வரையறையில் இருந்த 17 அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் வினாத்தாள்தான் முக்கியக் கருவி. நினைவு வலிய வந்து தாக்குவது, தவிர்த்து ஒதுங்குவது, எப்போதும் விழிப்பாகப் பதறுவது என மூன்று தொகுதிகளாக அவை இருந்தன. இவற்றுடன் சிறையில் இழந்த எடை, உணர்ச்சிக் கட்டுப்பாட்டை இழந்த அனுபவம், வீடு திரும்பியபோது குடும்பம் நடந்துகொண்ட விதம் ஆகியவையும் கேட்கப்பட்டன.

இந்தச் சுற்றிலேயே சிறைமீண்டோரின் பாதிப்பு ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகமாக இருந்தது. இருந்தாலும், ஆய்வு இங்கேயே நின்றிருந்தால் கிடைத்திருக்கும் முடிவு என்ன? ஒரு சிறுபான்மையினர் நோயுற்றிருக்கிறார்கள், மற்றவர்கள் தேறிவிட்டார்கள் என்பதே. அது தவறான முடிவு.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேல் நகரங்கள் மீது விழுந்தன என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். பழைய காயத்தை அளக்கும்போது புதிய அச்சமும் அளவில் கலந்துவிடும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதைப் பிரிக்கவே முடியாது. அந்த ஏவுகணைகள் இரு குழுவினரின் தலைக்கு மேலும்தான் பறந்தன.

2003: திரும்பக் கேட்டபோது

அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்பது என்று எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. விடுதலையாகி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபது வயதில் பிடிபட்டவருக்கு அப்போது ஐம்பது.

சிறைமீண்டோரில் 23 விழுக்காட்டினர் பிடிஎஸ்டி வரையறைக்குள் வந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 5 விழுக்காடு. அதைவிடக் கவனிக்க வேண்டியது, 1991-ல் நோய் இல்லை என்று பதிவான சிறைமீண்டோரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் 2003-ல் நோயாளிகளாக இருந்தார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நிலை மோசமாகும் வாய்ப்பு, போரில் மட்டும் ஈடுபட்டவர்களைவிடச் சிறைமீண்டோருக்குப் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. பிடிபட்டபோது இளவயது, சிறையில் உணர்ச்சிக் கட்டுப்பாட்டை இழந்த அனுபவம், முன்பே இருந்த அறிகுறிகளின் எண்ணிக்கை ஆகியவை யாருக்கு நோய் வரும் என்பதை ஓரளவு முன்கூட்டிக் காட்டின.

காலம் ஆற்றும் என்பது நம் எல்லோருக்கும் ஆறுதலான நம்பிக்கை. இந்த மனிதர்கள் விஷயத்தில் காலம் எதிர்த்திசையில் வேலை செய்தது.

2008-ல் மூன்றாம் சுற்றும் 2015-ல் நான்காம் சுற்றும் நடந்தன. முப்பத்தைந்து ஆண்டுப் போக்கைக் கோடாக வரைந்து பார்த்தபோது, சிறைமீண்டோரில் தாமதித்து நோய் வெளிப்பட்டவர்களே பெரிய பிரிவாக நின்றார்கள். ஒப்பீட்டுக் குழுவிலோ பெரும்பான்மையினர் தொடர்ந்து நலமாக இருந்தவர்கள். இறுதிக் கட்டத்தில் ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். குரோமோசோம்களின் முனையில் இருக்கும், வயதோடு தேயும் டெலோமியர் என்ற பகுதி, நீண்டகாலமாக நோயில் இருந்தவர்களுக்கும் தனிமையில் வாடியவர்களுக்கும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. மனத்தின் கணக்கை உடலும் வைத்திருந்தது.

வீட்டுக்குள்

ஒப்பீட்டுக் குழுவினருக்கு வயது ஏற ஏற நெருங்கியவர்களிடம் பாதுகாப்பு உணர்வு கூடியது, அல்லது அப்படியே இருந்தது. சிறைமீண்டோருக்கு அது குறைந்துகொண்டே போயிற்று. நெருங்கினால் அச்சம், விலகினால் கைவிடப்பட்டதான பதற்றம். இரண்டும் ஒருசேர வளர்ந்தன. மனைவியரிடம் பேசியபோது, கணவர் அனுபவிக்கும் அறிகுறிகளின் சாயல் அவர்களிடமே இருந்தது: தூக்கமின்மை, திடுக்கிடல், வீட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்தபடியே இருத்தல். வளர்ந்த பிள்ளைகளிடமும் இதன் தடயம் பதிவாகியிருக்கிறது.

தம்பதியரிடையே நெருக்கம் குறைந்ததன் பாதை நடைமுறையில் பயன்படக்கூடிய செய்தி. நோய் நேராக நெருக்கத்தைக் கெடுப்பதைவிட, மனம் விட்டுப் பேசாமையும் கடுஞ்சொல்லும் வழியாகவே அதிகம் கெடுத்தது. அந்த இரண்டும் சிகிச்சை அறையில் தொடக்கூடியவை.

தொடர்ந்து என்ன ஆயிற்று

சிறைமீண்டோரே முன்வந்து 1990-களின் இறுதியில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் 'இரவில் விழித்திருப்போர்' என்று பொருள்படும். தங்கள் அவஸ்தை தனக்கு மட்டும் உரியதல்ல என்று பலருக்கு முதன்முதலாகத் தெரிந்தது அங்கேதான். 2005-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம் சிறைமீண்டோருக்கான கொடுப்பனவுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆய்வு தந்த எண்களும் சங்கம் எழுப்பிய குரலும் ஒரே காலத்தில் ஒலித்தன. இதைச் சாதித்தவர்கள் நோயோடு போராடிக்கொண்டிருந்த அந்த மனிதர்களே என்பதை மறக்கக் கூடாது. ஆனால் விடுதலைக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஏன் இவ்வளவு தாமதம்

உறுதியான ஒரே விடை இல்லை. எங்களுக்கு நம்பத்தகுந்ததாகப் படும் விளக்கம் இது. இளமையில் வேலை, குழந்தைகள், ஆண்டுதோறும் சேமப்படைக் கடமை என்று நாள் நிரம்பியிருந்தது. நினைவு எழ இடமே இல்லை. எழுந்தாலும் வேலைக்குள் புகுந்து தப்பிக்கலாம். ஐம்பதைத் தாண்டியதும் அந்தத் தாங்குகட்டைகள் ஒன்றொன்றாகக் கழன்றன. வேலை ஓய்கிறது, பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். மகனுக்குப் படை அழைப்பு வருகிறது. இதயநோயோ மூட்டுவலியோ வந்து, உடல் மறுபடியும் தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகிறது. 2000-க்குப் பின் நகரப் பேருந்துகளில் வெடித்த குண்டுகளும் சேர்ந்துகொண்டன.

இன்னொரு பதிவோடு ஒப்பிட்டால் சில விஷயங்கள் துலங்கும். 1973 பிப்ரவரி 12 முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, வியட்நாமிலிருந்து 591 அமெரிக்கர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சிலர் எட்டு ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்தவர்கள். முதலில் பிலிப்பைன்ஸில் உள்ள கிளார்க் விமானத்தளம், பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனை, உடன் வர ஓர் அதிகாரி என்று வழி நெடுகத் திட்டமிட்டிருந்தார்கள். கடற்படையினருக்கு ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஆண்டுதோறும் பரிசோதனை ஏற்பாடாகி, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. முப்பத்தேழு ஆண்டுக் கணக்கில், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த மனநோய்க் கண்டறிதலுக்கும் உள்ளாகவில்லை.

இதை வைத்துப் பரிசோதனை அட்டவணைதான் காப்பாற்றியது என்று சொன்னால் மிகைப்படுத்துவதாகும். அவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்த, படித்த, விமானி அதிகாரிகள். சுவரைத் தட்டி எழுத்தெழுத்தாகப் பேசும் ஐந்துக்கு ஐந்து கட்டச் சங்கேதம் அவர்களிடம் இருந்தது. தனிக்கொட்டடியிலும் பக்கத்து அறைத் தோழன் இருந்தான். சித்திரவதையில் உடைந்தவனைச் சுவர் வழியே தேற்றி, உடைவது எல்லோருக்கும் நேர்வதுதான் என்று சொல்ல ஆள் இருந்தது. இஸ்ரேலியச் சேமப்படையினரில் பலருக்கு அந்தச் சொல்லை முப்பது ஆண்டுகள் யாரும் சொல்லவில்லை. சிறையில் எத்தனை நாள் என்பதைவிட, சிறைக்குள்ளும் சிறைக்குப் பின்னும் யார் உடனிருந்தார்கள் என்பது கனமான கேள்வி என்று இரு பதிவுகளையும் சேர்த்துப் படித்தால் தோன்றுகிறது.

மாற்ற வேண்டியவை

உளவு விசாரணையைத் தவிர்க்க முடியாது, பிரிக்க முடியும். முதலில் மருத்துவம், உறக்கம், குடும்பத்தோடு சந்திப்பு. விசாரணை வேறு கட்டடத்தில், கதவு திறந்த அறையில், விரும்பும்போது எழுந்து வெளியேறலாம் என்ற உறுதிமொழியோடு நடக்க வேண்டும். பேசியதற்காகத் தண்டனை இல்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் உளவுக் குறிப்புகளைப் பார்க்கக் கூடாது. உளவு அதிகாரி சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்கக் கூடாது.

முதல் வாரத்திலேயே அடிப்படைப் பதிவு எடுக்க வேண்டும். பிடிபடும்முன் எடை, திரும்பியபோது எடை, தனிமையில் கழித்த நாட்கள், தலையில் பட்ட அடி, உறங்கும் மணிநேரம். 1973-ல் இது எடுக்கப்படாததால், 1991-ல் பதினெட்டு ஆண்டுப் பழைய நினைவிலிருந்து இவற்றைத் தேட வேண்டியதாயிற்று. நோய் உள்ளவரின் நினைவு நோயின் நிறத்திலேயே வரும் என்பதால் அந்த எண்களில் எப்போதும் ஓர் ஐயம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

மருத்துவக் கோப்பு மூடப்படக் கூடாது. பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்க இன்று புழங்கும் பிசிஎல்-5 வினாத்தாளில் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. 31 முதல் 33-ஐத் தொட்டாலே முழு நேர்காணல் தேவை. நிரப்பப் பத்து நிமிடம் போதும். இதை ஆண்டுக்கு ஒருமுறை தருவதோடு, ஓய்வுபெறும் ஆண்டு, பெரிய அறுவைச் சிகிச்சை, துணையின் மரணம், புதிய போர் ஆகிய நேரங்களில் தனியாகவும் தர வேண்டும். வழக்கமாக நேரும் பிழை, ஒருமுறை குறைந்த மதிப்பெண் வந்ததும் 'பிரச்சினை இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவது. சிறைமீண்டோர் விஷயத்தில் அது அன்றைய நாளுக்கான விடை மட்டுமே. மேலும் சுயமரியாதை, உணர்ச்சிக் கட்டுப்பாடு, உறவு ஆகியவற்றின் சிதைவைச் சிக்கலான பிடிஎஸ்டி என்று 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியே வகைப்படுத்துகிறது. பிசிஎல்-5 மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியை முழுதாகப் பிடிக்க முடியாது. நேரில் கேட்க வேண்டும்.

துணைவரைத் தனியறையில் தனியாகச் சந்திக்க வேண்டும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால், எல்லாம் சரியாக இருப்பதாகவே விடை வரும். இரவில் அவர் எழுந்து கதவுகளைச் சரிபார்க்கிறாரா, எத்தனை முறை, எப்போதிலிருந்து என்று குறிப்பாகக் கேட்டால் கிடைக்கும் தகவல் வேறு.

சிகிச்சையில் வயதைக் காரணம் காட்டிக் கைவிடுவது இன்னொரு பிழை. அச்சமூட்டும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை, 90 நிமிடம் வீதம் 8 முதல் 15 அமர்வுகளில் தரப்படுகிறது. அறுபது, எழுபது வயது என்பதாலேயே யாரையும் அதிலிருந்து விலக்க வேண்டியதில்லை. இதயநோய் உள்ளவருக்கு முன்பரிசோதனையும் நிதானமான வேகமும் தேவை. தூக்கத்துக்கென்று டயசிபாம் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் எழுதுவது முதியவர்களுக்கு விழுதல், மறதி, பழக்க அடிமை என்ற மூன்றையும் கொண்டுவரும். கெட்ட கனவுக்குப் பரவலாகத் தரப்பட்ட பிரசோசின் என்ற மருந்து, 2018-ல் 304 அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் நடந்த சோதனையில் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. சிலருக்கு உதவலாம், அதையே நம்பி உட்காரக் கூடாது.

கடைசியாக, முதியோர் வார்டில் பணியாற்றும் செவிலியருக்கு. அறுவை முடிந்து மயக்கம் தெளியும் நேரத்தில் கைகளைக் கட்டிலோடு கட்டுவது, முன்னறிவிப்பின்றி விளக்கை அணைப்பது, பின்னாலிருந்து தொட்டு எழுப்புவது, எம்ஆர்ஐ குழாய்க்குள் விளக்கமின்றி அனுப்புவது ஆகிய ஒவ்வொன்றும் அந்த மனிதரை மறுபடியும் கொட்டடிக்குள் கொண்டுபோய்விடலாம். சேர்க்கைப் படிவத்தில் மருந்து ஒவ்வாமைக்கு ஓர் இடம் இருப்பதுபோல, 'எப்போதாவது சிறைபிடிக்கப்பட்டிருந்தீர்களா' என்பதற்கும் ஓர் இடம் வேண்டும். ஆம் என்றால், கட்டிலைக் கதவு தெரியும்படி திருப்பிப் போடுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தொடுவதற்கு முன் எதிரே வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.